தறியில் சிக்கிய பயனாளி

பரிமளாவின் எடை எவ்வளவு என்று நாற்பத்தாறு வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள்கூட நகை எத்தனை சவரன் என்றுதான் கேட்டார்கள். முதன்முதலாகக் கேட்டது அரசாங்கம். அதுவும் சும்மா போகிற போக்கில் கேட்கவில்லை. குழு போட்டு, குழுவுக்குத் துணைக்குழு போட்டு, துணைக்குழுவுக்கு ஒரு ஜீப்பும் போட்டு முறைப்படி கேட்டது.

அந்தக் குழுவுக்கு ‘உடற்பருமன் காரணம் கண்டறிதல், களைதல் மற்றும் கண்காணித்தல் குழு’ என்று பெயர். ஜனங்கள் ஏன் இப்படிச் சாப்பிடுகிறார்கள், ஏன் இப்படிப் பருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. தலைவர் கோபிநாத். ஓய்வுபெற்ற அதிகாரி. எந்தத் துறையிலிருந்து ஓய்வுபெற்றார் என்பது, அன்றைக்கு அவர் எந்தத் துறையைப் பற்றிப் பேசுகிறார் என்பதைப் பொறுத்தது. ஆளும் ஒன்றும் குண்டு இல்லை. ஊசி மாதிரி இருப்பார். ஆகவே தனக்குப் பேசும் தகுதி உண்டு என்று மனப்பூர்வமாக நம்பினார்.

குழு முதலில் எல்லாத் துறைகளையும் கூப்பிட்டு, காரணம் எங்கே இருக்கிறது என்று கேட்டது. ஒரு துறை, காரணம் கடைத்தெருவில் இருக்கிறது என்றது. கடைத்தெருவைப் பார்த்துக்கொள்ளும் துறை, காரணம் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது என்றது. இன்னொரு துறை செல்போனில் இருக்கிறது என்றது. சாலை போடுகிறவர்கள் மட்டும் ஏதோ ஞாபகத்தில், “நடக்கறதுக்கு எங்கயும் இடம் விடலைங்க” என்று உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அடுத்த கூட்டத்திலிருந்து அவர்களைக் கூப்பிடவில்லை.

கடைசியில் ஆரணிக்கு ஓர் ஆணை வந்தது. நெசவாளர் சங்கங்கள் ஒவ்வொன்றும் தங்கள் உறுப்பினர்களில் பருமனானவர்களைக் கண்டறிய வேண்டும். உயரத்துக்கும் எடைக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் முப்பதைத் தாண்டினவர்களுக்கு, அவர்களுடைய உடல்நலன் கருதி, தொண்ணூறு நாளுக்குத் தறி நிறுத்தப்படும். வாராவாரம் முகாமுக்கு வந்து இளைத்து, இளைத்ததற்குச் சான்றிதழ் வாங்கி வந்து காட்டினால் மறுபடி நெய்யலாம். அதிகம் பேரை இளைக்க வைக்கும் சங்கத்துக்கு ‘ஆரோக்கியச் சங்கம்’ என்று ஒரு கேடயம்.

பரிமளா உறுப்பினராக இருந்த சங்கத்தில் கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. அதில் ஒரு கேடயத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. செயலாளர் சிவகுமாருக்கு அந்தக் காலி இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். இந்தக் கதை எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால், அந்த இடத்தில்தான்.

மேலிடத்திலிருந்து எடை பார்க்கும் இயந்திரம் வரவில்லை. அதற்குப் போடும் உறையும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற புத்தகமும் மட்டும் வந்தன. இயந்திரம் பின்னால் வருமாம். அதுவரைக்கும் காத்திருக்க கேடயத்துக்குப் பொறுமை இல்லாததால், சிவகுமார் தன் கண்ணுக்குக் கொஞ்சம் பூசினாற்போலத் தெரிந்த நான்கு பேரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அரிசி ஆலைக்குப் போனார். ஆரணியில் எடை போடவா ஆள் இல்லை?

ஆலையில் எடைபோடும் தருமன் முப்பது வருஷமாக நெல் மூட்டையைத் தவிர வேறெதையும் எடை போட்டதில்லை. பரிமளாவை மேடையில் ஏறி நிற்கச் சொன்னான். “எழுபத்தி நாலு!” என்று கத்தினான். கத்திவிட்டு, கைப்பழக்கத்தில் சாக்கு எடை அறுநூறு கிராமைக் கழித்தான். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தான். காலையில் மழை பெய்திருந்தது. புடவைக் கொசுவம் நனைந்திருந்தது.

“ஈரம் கீதே. ரெண்டு கிலோ தள்ளிடு” என்று சொல்லி, எழுபத்தொன்றே கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே என்று ரசீது எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தான்.

“இன்னா சார் இது, எனக்கு ஈரம் தள்றாரு?” என்றாள் பரிமளா.

“முத்திரை குத்திட்டாங்கம்மா. இனிமே நான் ஒண்ணும் செய்ய முடியாது” என்றார் சிவகுமார். அவள் உயரத்தைச் சேலை அளக்கிற கோலால் அளந்து, செல்போனில் தட்டி, “முப்பது புள்ளி ஒம்பது” என்றார். முகத்தில் சந்தோஷம் வந்து, சட்டென்று வருத்தமாக மாறியது. “தறிய நிறுத்தணும்மா.”

பரிமளாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“இன்னாது? தறியவா? பாவு ஏத்தி ஒரு சேலைதான் நெய்ஞ்சிருக்கேன். இன்னும் ரெண்டு சேலை அதுல பாக்கி கீது சார். பாதியில எப்படி விடறது?”

“உங்க நல்லதுக்குத்தாம்மா.”

“என் நல்லதுக்குன்னா என்னைத்தான கேக்கணும்?”

அப்படி ஒரு வழி ஆணையில் இல்லை.

மற்ற மூன்று பேரும் சமர்த்தர்கள். ஒருத்தர் விசைத்தறிக்குப் போகிறேன் என்று கழன்றுகொண்டார். இன்னும் இரண்டு பேர் எங்கிருந்தோ விலக்குக் கடிதம் வாங்கி வந்தார்கள். ஆக, சங்கத்துக்கு மிஞ்சிய ஒரே குண்டு பரிமளா. கேடயத்துக்கு இருந்த ஒரே நம்பிக்கையும் அவள்தான்.

அவள் வீட்டு முன் அறையில்தான் குழித்தறி. காலைக் குழிக்குள் விட்டு, பலகையில் உட்கார்ந்து நெய்ய வேண்டும். எதிரே நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல். நெய்த சேலை சுருளும் படமரம் சரியாக வயிற்றுக்கு முன்னால் இருக்கும். இரண்டு வருஷமாகவே அந்தப் பலகைக்கும் படமரத்துக்கும் நடுவில் அவள் பக்கவாட்டில் நுழைந்துதான் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்துவிட்டால் ராணிதான். வீட்டில் யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். தறியில் இருக்கிறவளிடம் தண்ணீர் கொண்டுவா என்று சொல்லும் தைரியம் புருஷன் கமலக்கண்ணனுக்குக்கூடக் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. பட்டில் வேலை செய்கிற கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. ஒரு விரல் பட்டாலும் போதும், சங்கத்தில் சேலையைத் திருப்பி மூஞ்சியில் போட்டுவிடுவார்கள். அதனால் காலைப் பலகாரம் முடிந்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஏழு மணிக்கு அவள் குழிக்குள் இறங்கினால், ஒரு மணி வரை தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் போகாது. மறுபடி இரண்டரை மணியிலிருந்து ஆறு மணிவரை அப்படியே. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை என்பதால் அவள் இதைப் பற்றி யோசித்ததே இல்லை.

தறி நின்ற மறுநாள் காலை ஏழு மணிக்குப் பரிமளா எங்கே போவது என்று தெரியாமல் சமையலறையில் போய் நின்றாள். அங்கே மூன்று பாத்திரங்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மகள் கீதா கல்லூரியில் படிக்கிறாள். ஆறு மாதமாக வீடியோ பார்த்து இளைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு தோசை கேட்டு வாங்கி, ஒன்றைச் சாப்பிட்டு, ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டுப் போவது அவளுடைய முறை. மகன் சதீஷுக்குச் செய்யாறு பக்கம் கம்பெனி வேலை. கம்பெனி பஸ் வந்துவிட்டது என்று பாதி இட்லியில் எழுந்து ஓடுவான். கமலக்கண்ணன் விசைத்தறிக் கூடத்துக்குக் கேரியரில் சோறு கொண்டுபோவான். திரும்பி வரும்போது இரண்டு கவளம் அதில் கட்டாயம் இருக்கும். நிறைய வைத்தாலும் இருக்கும், குறைத்து வைத்தாலும் இருக்கும். அது அவன் பரம்பரை குணம்.

முன்பெல்லாம் பரிமளா தறியை விட்டு எழுந்து வரும்போது இதெல்லாம் காய்ந்தோ ஊசியோ போயிருக்கும். பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியில் கொட்டிவிடுவாள். இப்போது தோசை சுடச்சுட இருக்கிறது, சட்னி புதுசாக இருக்கிறது, அவளும் பக்கத்திலேயே இருக்கிறாள். எப்படிக் கொட்ட மனசு வரும்? காசு போட்டு வாங்கின உளுந்து ஆச்சே! நின்ற வாக்கிலேயே முடித்துவிட்டாள். உட்கார்ந்து சாப்பிட்டால்தானே சாப்பாடு?

அந்த வாரம் ஊட்டச்சத்து அலுவலர் அருள்பிரகாஷ் வீட்டுக்கு வந்தான். தெள்ளார்ப் பக்கத்துப் பையன், வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. கையில் ஒரு டேப்லெட். அதில் நூற்றுப் பதினான்கு கேள்விகள்.

“ஒரு நாளைக்கு எத்தனை வேளைக்கா சாப்பிடறீங்க?”

“ரெண்டு வேளை. காலையில கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம்.”

“ராத்திரி?”

“ராத்திரி எனக்குன்னு எதுவும் செய்யறதில்லீங்க.”

“நொறுக்குத் தீனி?”

“அய்ய, அந்தப் பேச்சே இல்ல.”

“ஓட்டல் பிரியாணி, பரோட்டா?”

“வருஷத்துக்கு ஒரு தபா.”

அருள்பிரகாஷ் டேப்லெட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “அப்ப எப்படிக்கா எடை ஏறுது?”

“அத்த கண்டுபுடிக்கத்தான உங்களுக்கு ஜீப்பு குடுத்திருக்காங்க?”

உள்ளேயிருந்து கீதா குரல் கொடுத்தாள். “ம்மா, என் தட்டு, அண்ணன் தட்டு, அப்பா கேரியரு, எல்லாத்தையும் சொல்லும்மா!”

“அதெல்லாம் சாப்பாடாடி? அது மிச்சம்” என்றாள் பரிமளா. பொய் சொல்லவில்லை. நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பாள்.

அருள்பிரகாஷ் நல்ல பையன். டேப்லெட்டில் மேலும் கீழும் தேடினான். உடல் பருக்கக் குழு பதினான்கு காரணங்களை அனுமதித்திருந்தது. பரம்பரை, கவலை, கல்யாண விருந்து, செல்போன், துரித உணவு, தூக்கக் குறைவு, உட்கார்ந்த வேலை என்று வரிசையாக இருந்தன. “மிச்சம்னு ஒண்ணு இல்லக்கா” என்றான் வருத்தத்துடன். “ஒரு ஆளுக்கு ஒரு காரணம்தான் போட முடியும். ரெண்டு போட்டா ஏத்துக்காது. ‘பரிசீலனையில் உள்ளது’ன்னு போட்டுக்கறேன். குழு பாத்துக்கும்.”

போகும்போது கதவோரம் தறியைப் பார்த்தான். அரக்கு பார்டர் வைத்த பச்சைப் பட்டு, ஒரு சாண் நெய்த நிலையில் பழைய வேட்டியால் மூடிக் கிடந்தது. “அழகா கீதுக்கா” என்றான்.

“தொண்ணூறு நாள்ல விட்டுருவாங்கல்ல தம்பி?”

“சான்றிதழ் வாங்கிட்டா விட்ருவாங்க.”

“இளைச்சாத்தான சான்றிதழ்?”

“ஆமாக்கா.”

“இளைச்சுடறேன்” என்றாள் பரிமளா. அவ்வளவு உறுதியாக அவள் எதையும் சொன்னதில்லை.

முகாம் புதன்கிழமைதோறும் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மண்டபம் பரிமளாவின் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. காலை ஒன்பது மணிக்கு வேன் வீட்டு வாசலுக்கு வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். எதற்கென்றால், நடைப்பயிற்சிக்கு. “நான் நடந்தே வந்துடறேனே” என்று அவள் ஒருநாள் சொன்னபோது ஓட்டுநர் பதறிவிட்டார். பயனாளி வேனில் ஏறுகிற மாதிரி ஒன்று, இறங்குகிற மாதிரி ஒன்று, ஆக இரண்டு போட்டோ அனுப்ப வேண்டுமாம். ஆகவே ஏறி இறங்கினாள். மண்டபத்துக்குள் நாற்காலிகளைச் சுற்றி இரண்டு சுற்று நடந்தாள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து, உட்கார்ந்தே இருப்பதால் வரும் கேடுகள் பற்றி இரண்டு மணி நேரம் கேட்டார்கள்.

மதியம் சிறுதானிய விருந்து. கம்பு கிச்சடி, சாமைச் சோறு, தினைப் பாயசம், கேழ்வரகு லட்டு. எல்லாம் உடம்புக்கு நல்லது. நாற்பது பேருக்கு அனுமதியாகியிருந்தது. ஊர் முழுக்கச் சேர்த்து வந்ததோ ஒன்பது பேர். ஒன்பது பேரில் ஒருத்தருக்குத் தினை பிடிக்காது.

விருந்து முடிந்ததும் அருள்பிரகாஷ் காலிப் பாத்திரங்களைப் போட்டோ எடுத்து மேலே அனுப்ப வேண்டும். பாத்திரம் காலியாக இல்லை என்றால், ஏன் காலியாகவில்லை என்று விளக்கம் கேட்பார்கள். நாற்பதைக் குறைத்து இருபதாக்கலாமே என்று ஒருமுறை அவன் எழுதிக் கேட்டான். பருமன் குறைந்துவிட்டதா, சாப்பாட்டைக் குறைப்பதற்கு என்று பதில் வந்தது. அதிலிருந்து அவன் வாயைத் திறக்கவில்லை.

“அக்கா, நீங்க ஒரு தூக்கு எடுத்துகினு வந்தீங்கன்னா...” என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“இவ்ளோத்தையும் கொட்டிடுவீங்களா தம்பி?” பரிமளா அதிர்ந்தே போனாள்.

“கொட்டறதையும் போட்டோ எடுத்துட்டாங்கன்னா நான் பேஜார் ஆயிடுவேன்.”

அடுத்த புதனிலிருந்து இரண்டு தூக்கு கொண்டுபோனாள். பாயசம் நிறைய இருந்தால் மூன்று. வீட்டில் கம்பு கிச்சடியை யார் தொடுவார்கள்? சதீஷ் மூக்கைச் சுளிப்பான். கீதா அதில் எத்தனை கலோரி என்று செல்போனில் பார்த்துவிட்டு ஓடுவாள். கமலக்கண்ணன் இரண்டு கவளம் மிச்சம் வைப்பான். மீதியெல்லாம் பரிமளா தலையில். வியாழன், வெள்ளி வரைக்கும் வரும். உடம்பு இளைக்கக் கொடுத்த சோறு, எவ்வளவு சாப்பிடுகிறோமோ அவ்வளவு இளைக்கும் என்று அவள் நம்பினாள். மேடையில் அப்படித்தான் பேசினார்கள்.

ஏழாவது வாரம் எடை இயந்திரம் வந்து சேர்ந்தது. முகாமின் செவிலியர் ஜாய்ஸ், கண்டிப்பான பெண்மணி. இயந்திரத்துக்கு முன்பே வந்திருந்த உறையைக் கழற்றினாள், இல்லை, மாட்டினாள், பிறகு கழற்றினாள். பரிமளாவை ஏற்றினாள். “எழுபத்தி ஆறு” என்றாள். பதிவேட்டைப் பார்த்தாள். “எழுபத்தி ஒண்ணுன்னு எழுதியிருக்கே. அஞ்சு கிலோ ஏறிட்டீங்களா? இன்னாத்த துன்றீங்க நீங்க?”

“அதுல ஈரம் தள்ளியிருக்காங்கம்மா.”

“எதுல?”

பரிமளா விளக்கினாள். ஜாய்ஸ் பதிவேட்டை மூடி வைத்தாள். எழுதியது எழுதியதுதான்.

தொண்ணூறாவது நாள் நிறைவு விழா. கோபிநாத்தே நேரில் வந்தார். பரிமளா முந்தின நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்து, இருக்கிற புடவைகளிலேயே எடை குறைந்த வாயில் புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, தோட்டைக்கூடக் கழற்றி கீதாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். இன்றைக்குச் சான்றிதழ் கிடைத்தால் நாளைக் காலை ஏழு மணிக்குக் குழிக்குள் இறங்கிவிடலாம்.

மேடையில் எல்லோர் முன்னாலும் ஜாய்ஸ் எடை பார்த்தாள். எழுபத்தெட்டு.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த சிவகுமாருக்குக் கண்ணாடி அலமாரி ஞாபகம் வந்து முகம் கறுத்தது. கோபிநாத் மட்டும் கலங்கவில்லை. ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“பெரியோர்களே! மக்கள் ஏன் அளவுக்கு மீறி உண்கிறார்கள்? இந்த ஒரு கேள்விக்கு விடை காண எங்கள் குழு பதினோரு முறை கூடியது. ஒவ்வொரு கூட்டமும் மதிய உணவு வரை நீடித்தது. உணவுக்கு முன்பு உறுப்பினர்களிடையே கடுமையான கருத்து வேறுபாடு இருக்கும். உணவுக்குப் பிறகு, பேச யாருக்கும் தெம்பில்லாத காரணத்தால், ஒருமனதாக முடிவு எட்டப்படும். அப்படி எட்டப்பட்ட முடிவைத்தான் இன்று அறிவிக்கிறேன். இந்தச் சகோதரியின் பருமனுக்குக் காரணம், உட்கார்ந்த வேலை! இருபத்திரண்டு ஆண்டுகள் தறியில் உட்கார்ந்திருக்கிறார். தொண்ணூறு நாள் தறியை நிறுத்தியும் ஆறரைக் கிலோ கூடியிருக்கிறார் என்றால், அந்தத் தறி இவர் உடம்பில் எவ்வளவு ஆழமாக வேலை செய்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்! ஆகவே தறி நிறுத்தம் இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டிக்கப்படுகிறது. ஆசை தூண்டாமல் இருக்கும் பொருட்டு, தறியில் உள்ள பாவும் அகற்றப்படும்.”

இதுவரை பரிமளா மேடையில் பேசியதில்லை. எப்படி ஒலிபெருக்கியைப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

“ஐயா, தறியில உக்காந்தா நான் துன்ன மாட்டேங்க. கையில எண்ணெ பட்டா பட்டு கெட்டுடும். காலையில ஏழு மணிக்கு உக்காந்தா ஒரு மணி வரைக்கும் பச்சத் தண்ணிதான். நீங்க அத்த நிறுத்திட்டீங்க. இப்ப பொழுதுக்கும் அடுப்பங்கரையிலயே நிக்கிறேன். எதிர்ல கீறத தின்னுகினே கீறேன். அது பத்தாதுன்னு வாராவாரம் நீங்க வேற மூணு தூக்கு குடுத்தனுப்பறீங்க. வயித்தெரிச்சலா கீதுங்க. என் தறிய குடுத்துடுங்க.”

பின்வரிசையில் அருள்பிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

கோபிநாத் எழுந்து நின்று கைதட்டினார். “பார்த்தீர்களா! மூன்று மாதத்துக்கு முன்பு இந்தச் சகோதரி இப்படி மேடையேறிப் பேசியிருப்பாரா? இதைவிட இந்தத் திட்டத்துக்கு என்ன வெற்றி வேண்டும்?”

மண்டபமே கைதட்டியது. அன்றைக்கு எழுபது பேருக்குச் சாப்பாடு.

பரிமளா தூக்கு எடுக்காமல், வேனில் ஏறாமல், விறுவிறுவென்று நடந்தே வீட்டுக்கு வந்தாள். போட்டோ எடுக்கிறவர் பின்னால் ஓடிவந்து பாதித் தெருவில் மூச்சு வாங்க நின்றுவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சிவகுமார், பாவு இறக்க ஜெயவேலைக் கூட்டிக்கொண்டு பரிமளா வீட்டுக்கு வந்தார். உள்ளே தறிச் சத்தம் கேட்டது. பரிமளா குழிக்குள் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள்.

“இன்னாம்மா இது? ஆர்டரை மீறி உக்காந்திருக்கீங்க? எழுந்திருங்க” என்றார் சிவகுமார்.

“முடியலீங்க.”

“முடியலன்னா?”

“காலையில கஷ்டப்பட்டு உள்ள பூந்துட்டேன். இப்ப வெளிய வர முடியல. நாலு கிலோ ஏறிட்டேன்ல? படமரம் வயித்துல மாட்டிகிச்சு.” அது பாதி நிஜம். எட்டு மணிக்கே ஒருமுறை எழுந்து பார்த்து, முடியாமல், சரி இருக்கட்டும் என்று விட்டிருந்தாள்.

சிவகுமார் ஜெயவேலைப் பார்த்தார். “நீ பாவ இறக்குய்யா.”

ஜெயவேல் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். “பாவ இறக்கணும்னா படமரத்த கழட்டணும் சார். படமரத்த கழட்டணும்னா அக்கா எழுந்திருக்கணும். அக்கா எழுந்திருக்கணும்னா படமரத்த கழட்டணும்.”

“அப்ப கழட்டு!”

“வயித்துல இடிச்சுதுன்னா யாரு சார் பதில் சொல்றது? நானா, நீங்களா?”

சிவகுமார் அருள்பிரகாஷுக்குப் போன் செய்தார். அவன் ஜாய்ஸைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தான். ஜாய்ஸ் குனிந்து பார்த்தாள். பரிமளாவின் வயிற்றையும் பார்த்தாள், முகத்தையும் பார்த்தாள். பெண்ணுக்குப் பெண் என்ன புரிந்ததோ, நிமிர்ந்து நின்று சொன்னாள்.

“பயனாளிய இழுத்து எடுக்கறதுக்கு விதியில இடமில்ல சார். மேலிடத்துல கேட்டுத்தான் செய்யணும்.”

அருள்பிரகாஷ் அந்த இடத்திலேயே கடிதம் தயாரித்தான். ‘தறியில் சிக்கிய பயனாளியை அகற்றுவது தொடர்பாகத் தெளிவுரை கோருதல்.’ அனுப்பும்போது அவன் முகத்தில் இந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. “பதில் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது” என்றான் கண்டிப்பாக.

அன்று மத்தியானம் கமலக்கண்ணன் பின்னாலிருந்து தூக்க, கீதா முன்னாலிருந்து கையைப் பிடித்து இழுக்க, முகப்பவுடர் ஒரு டப்பா காலியாக, பரிமளா வெளியே வந்தாள். சாப்பிட்டாள். இரண்டரை மணிக்கு மறுபடி நுழைந்துகொண்டாள்.

வீட்டில் அப்படி. கோப்பில் அவள் சிக்கிக்கொண்டேதான் இருந்தாள். ஒருநாள் சிவகுமார் அவளை ரேஷன் கடை வரிசையில் எதிரெதிரே பார்த்தார். தறியில் சிக்கியிருக்கும் ஆள் எப்படிச் சர்க்கரை வாங்க வரும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அதையும் எழுத வேண்டியிருக்கும். வானத்தைப் பார்த்துக்கொண்டே, “மழை வருமாட்டம் கீது” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கோப்பு ஊர் சுற்றியது. பயனாளி எந்தத் துறையில் சிக்கியிருக்கிறார் என்று ஒரு மேசை கேட்டது. தறி கைத்தறியா விசைத்தறியா என்று இன்னொரு மேசை கேட்டது. சிக்கிய பகுதி வயிறுதான் என்பதற்கு ஆதாரம் இணைக்கவும் என்று திருப்பி அனுப்பியது மூன்றாவது மேசை. அருள்பிரகாஷ் ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக, நிதானமாக, வாரத்துக்கு ஒன்றாகப் பதில் எழுதினான். இங்கே பச்சைப் பட்டு ஒரு சேலை முடிந்தது, அடுத்த சேலை பாதிக்கு வந்தது. அடுக்களையில் ஒதுக்கி வைக்கிறவர்கள் ஒதுக்கி வைத்தார்கள். எடுத்துத் தின்ன ஆள் இல்லை. பக்கத்து வீட்டு மாடு தெம்பாயிற்று.

நாற்பத்தைந்தாம் நாள் தெளிவுரை வந்தது. சிவகுமார் அதை எடுத்துக்கொண்டு, ஜாய்ஸையும் எடை இயந்திரத்தையும் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வந்தார். பரிமளா அன்று காலைதான் மூன்றாவது சேலையைத் தறியிலிருந்து அறுத்திருந்தாள். இரண்டு சேலையையும் மடித்துத் தயாராக வைத்திருந்தாள். தறி வெறுமையாக இருந்தது. பாவு முடிந்துவிட்டது. இனி அவர்கள் இறக்குவதற்கும் ஒன்றுமில்லை, அவள் சிக்கிக்கொள்வதற்கும் ஒன்றுமில்லை.

ஜாய்ஸ் ஏறச் சொன்னாள். எழுபத்து நான்கு.

“நாலு கிலோ கொறஞ்சிருக்கீங்க” என்றாள் ஜாய்ஸ், குரலில் கண்டிப்பு கொஞ்சம் தளர்ந்து.

“ஆனா முப்பதுக்குக் கீழ வரலையே” என்றார் சிவகுமார். செல்போனில் தட்டிப் பார்த்தார். “முப்பத்தி ரெண்டு.”

“ஆர்டர்ல இன்னா சார் போட்டிருக்கான்? படிங்க.” பரிமளாவின் கை புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தது.

சிவகுமார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “தறியில் சிக்கியுள்ள பயனாளியை வலுக்கட்டாயமாக அகற்றுவது அவரது உடல்நலனுக்கு உகந்ததல்ல. எனவே அவரது எடைக்கணக்கு முப்பதுக்குக் கீழ் குறைந்து, அவர் தாமாக வெளிவரும் வரை, அவரைத் தறியிலேயே இருக்க அனுமதிக்கலாம். அதற்கான வசதிகளைச் சம்பந்தப்பட்ட சங்கமே செய்துதர வேண்டும்.”

படித்து முடித்துவிட்டு அவரே இன்னொருமுறை படித்தார்.

பரிமளா மெதுவாகக் கேட்டாள். “முப்பதுக்குக் கீழ வரலன்னா, தறியிலயே இருக்கணுமா?”

“ஆமாம்மா. அப்படித்தான் போட்டிருக்கு.”

“தறியில இருக்கணும்னா பாவு வேணுமே?”

“வசதியில அதுவும் சேத்திதான். நாளைக்கு ஆபீஸ்ல வந்து வாங்கிக்கங்க.”

“முப்பதுக்குக் கீழ வந்துட்டா?”

“வந்துட்டா சான்றிதழ் குடுத்துடுவோம். சான்றிதழ் இருந்தா நீங்க பாட்டுக்கு நெய்யலாம்.”

பரிமளா இரண்டையும் மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். இந்தப் பக்கம் வந்தாலும் தறி. அந்தப் பக்கம் போனாலும் தறி. ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டோமோ என்று பயந்து, “அப்ப ரெண்டு பக்கமும் எனக்குத் தறிதானா சார்?” என்றாள்.

சிவகுமார் காகிதத்தின் முன்பக்கத்தைப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார். வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“ஆமாம்மா. ஆனா யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. இதுக்கும் தெளிவுரை கேட்டுடப் போறாங்க.”